ஒன்றரை டன் இழுக்கிற வண்டி

ஜூன் 2

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நான் சௌக்கியம். ராட்டினத்துக் குதிரைகள் எட்டும் சௌக்கியம். பெரியவர்தான் போய்விட்டார். பதறாதே, ஜீப்பைச் சொல்கிறேன். போன வாரம் சந்தை மைதானத்திலிருந்து ராட்டினத்தை இழுத்துக்கொண்டு வரும்போது மேட்டில் ஒரு சத்தம் போட்டார், அதோடு சரி. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தான், மறுபடி மூடினான். "இதுக்கு மேல இவரைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அந்தப் பெரியவர்தான், ஞாபகம் இருக்கும்.

ஆகவே எனக்கு ஒரு வண்டி வேண்டும். புதிதெல்லாம் வேண்டாம், நல்ல பழைய வண்டி போதும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுவதுதானே உன் வேலை. பிள்ளை அந்த வேலையில் இருக்கும்போது நான் வெளியே புரோக்கரிடம் போய் நின்றால் ஊர் சிரிக்கும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். மழை பெய்த மைதானத்தில் முன்சக்கரம் மட்டும் சுற்றினால் பள்ளம்தான் தோண்டும். குதிரைகள், நடுத்தூண், குடை, ஜெனரேட்டர், டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் என்று உனக்கே தெரியும். அதனால் கொக்கி அடிச்சட்டத்தில், சேசிஸோடு பிடித்திருக்க வேண்டும். அப்புறம், குடும்ப வண்டியாகவும் இருக்கட்டும். வேலையில்லாத நாளில் உன்னையும் மருமகளையும் பாப்பாவையும் உட்காரவைத்து எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை. பணம் தனியாக அனுப்புகிறேன்.

இப்போது ஒரு சேதி. பாப்பா படிக்கிற பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் நம் ராட்டினத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார். ஆகஸ்டில் அவர்களுடைய விளையாட்டு விழாவுக்கு வந்து போட முடியுமா என்று கேட்டார். என் பேத்தி அங்கேதான் படிக்கிறாள் என்று நான் மூச்சுவிடவில்லை. குதிரையில் ஏற வரிசையில் நிற்கிறவள், ஓட்டுவது தாத்தா என்று பார்க்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுவது பரீட்சை ஹாலில் பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன், அதுவும் உன் ஆபீஸ் விலாசத்துக்கே. வீட்டுத் தபால் பெட்டியில் எறும்பு என்று சொன்னாய். எட்டு வருஷமாக அந்த எறும்பு போகவில்லையா?

உன் அப்பா


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் நலம். ஜீப்பைப் பற்றிப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். தூரத்து உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று சொல்லிவைத்தேன்.

வண்டி என் பொறுப்பு, கவலை வேண்டாம். பள்ளிக்கூட விஷயத்தை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். தூரம் அதிகம், நடுவில் மலை இறக்கம் வேறு. உங்களுக்கும் வயதாகிறது. அதுவுமில்லாமல் உங்கள் சம்பந்தி அந்தப் பள்ளிக்கூடத்து நிர்வாகக் குழுவில் இருக்கிறார். விழாவன்று முன்வரிசையில் உட்காருவார். கல்யாணத்தின்போது நீங்கள் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். அது பொய்யில்லைதான், ராட்டினமும் ஒரு இயந்திரம்தான். ஆனால் திடீரென்று நீங்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உங்களுக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

பாப்பா "மெஷின் தாத்தா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டாள்.

பதிலை ஆபீஸுக்கே எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்


ஜூன் 17

அன்புள்ள மகனுக்கு,

"சொல்லியிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே சொன்னேன்? நீ சொன்னாய், நான் தலையாட்டினேன்.

எனக்குச் சங்கடம் வராது தம்பி. இது டிக்கெட் கிழித்தே உன்னைப் படிக்கவைத்த கை. உன் அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் கிழித்தாள், அவள் போன பிறகு நான் கிழிக்கிறேன். நீங்கள் கல்யாணமான புதிதில் இங்கே வந்தபோது, நீ கேட்டுக்கொண்டாய் என்று கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மருமகள் பூட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன மாமா இருக்கு?" என்றாள். "மெஷின்மா" என்றேன். வேறு ஊர்ச் சந்தைக்குப் போகிற வழியில் உன் வீட்டுக்கு வந்த அன்று, ஜீப்பையும் டிரெய்லரையும் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தேன். உனக்காகச் செய்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஏறின ராட்டினத்தில் என் பேத்தி ஏறவில்லை என்றால், அதை நான் எதற்குக் கட்டி இழுக்கிறேன்? இந்த ஒரு தடவை வருகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன், போதுமா? பாப்பாவாகக் கண்டுபிடித்தால் அது அவள் சாமர்த்தியம்.

குதிரைகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம், நானும் விசிலும். விசிலை மறந்திருக்க மாட்டாய். ராட்டினத்தைக் கிளப்பவும் நிறுத்தவும் வாயில் விரல் வைத்து ஊதுவானே, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவானே, அவன்தான். ஒத்தைக்காதனுக்குப் புதுக் காது செய்து ஒட்டிவிடலாம் என்கிறான். நீ சின்ன வயதில் தொங்கி உடைத்த காது அது. உடைத்துவிட்டு, குதிரைக்கு வலிக்கும் என்று சாப்பிடாமல் அழுதாய். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன். எவன் வண்டியானாலும் நான் முதலில் கீழே குனிந்துதான் பார்ப்பேன். மேலே பெயிண்ட் எதை வேண்டுமானாலும் மறைக்கும், அடிப்பக்கம் மறைக்காது. நீ பார்த்து அனுப்புகிற வண்டியை மட்டும் குனிந்து பார்க்கப் போவதில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிற அளவுக்கு என் இடுப்பு வளையாது.

உன் அப்பா


ஜூன் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற டிரைவரிடமே வண்டியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

முத்து வெள்ளை நிறம். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். கூரையில் கண்ணாடி இருக்கிறது, பாப்பா உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்க்கலாம். உயரமான வண்டி, பெரிய சக்கரங்கள், சுற்றிலும் கறுப்புப் பட்டை. பார்க்கிறவர்கள் இது மலையே ஏறும் என்பார்கள். பின்னால் கொக்கியும் இருக்கிறது. இதுவரை ஒரே சொந்தக்காரர், ஒரு டாக்டரம்மா. எங்கேயும் இடித்ததில்லை, ஒரு கீறல்கூடக் கிடையாது.

நிறைய வண்டிகள் பார்த்தேன் அப்பா. வலுவானவை எல்லாம் பார்வைக்கு லாரி மாதிரி இருந்தன, உட்கார்ந்தால் முதுகு போய்விடும். இவ்வளவு காலம் ஜீப்பில் குலுங்கியது போதும். இழுவைக்கு இப்போதே அவசரப்படாமல், கொஞ்ச நாள் வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். சொல்லப்போனால், விழாவுக்கு இந்த வண்டியில் நீங்கள் விருந்தாளியாக வந்து இறங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தலாம்.

தங்கள் அன்பு மகன்


ஜூலை 3

அன்புள்ள மகனுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. யாருக்குக் கல்யாணம் என்று ஒருவர் கேட்டார். விசில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இறங்கும்போது தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிட்டு இறங்கினான்.

"அண்ணே, குனிஞ்சு பாக்கலையா?" என்றான்.

"என் பையன் பாத்த வண்டிப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை எழுதிக் காட்ட முடியாது.

ஒரே ஒரு சந்தேகம். நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றுகிற லீவரைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இப்போது வருகிற வண்டிகளில் தானாகவே மாறிக்கொள்ளும் போலிருக்கிறது. காலம் எங்கேயோ போய்விட்டது, நான்தான் பின்னால் நிற்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரை மாட்டி, மலை இறக்கம் வரைக்கும் ஒரு தடவை போய்வரலாம் என்று இருக்கிறோம். விழாவுக்கு வருகிற பாதை அதுதானே. விசிலின் வீட்டுக்காரியும் வருகிறாளாம். இப்படியொரு வண்டியில் ஏறினதே இல்லையாம், ஒரு சவாரி போகட்டும்.

உன் அப்பா


ஜூலை 6

அப்பா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாலைந்து தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரை மாட்டாதீர்கள். கிளட்ச் கொஞ்சம் சந்தேகம் என்று டாக்டரம்மா இப்போதுதான் சொன்னார். அது சரியாகிற வரைக்கும் அந்தக் கொக்கியில் எதையும் மாட்ட வேண்டாம். இறக்கத்தில் ஒன்றரை டன் பின்னாலிருந்து தள்ளினால் அந்த வண்டி நிற்காது. கிளட்ச் அப்படி இருக்கும்போது என்று சொல்கிறேன். சமதரையிலும் வேண்டாம். விசிலின் வீட்டம்மாவையெல்லாம் ஏற்றவே வேண்டாம்.

கெஞ்சிக் கேட்கிறேன். இது கிடைத்ததும் ஒரு போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

மகன்


ஜூலை 10

அன்புள்ள மகனுக்கு,

உன் கூரியர் சனிக்கிழமையே கிடைத்தது. எதையும் மாட்டவில்லை என்று விசிலை உனக்குப் போன் செய்யச் சொன்னேன், சொல்லியிருப்பான். நான் பேசாததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தொண்டை சரியில்லை.

இனி மாட்டுவதாகவும் இல்லை. யோசித்துப் பார்த்ததில் நீ சொன்னதுதான் சரி என்று பட்டது. ராட்டினத்தை இந்த வருஷத்துக்கு விசிலிடம் கொடுத்துவிட்டேன். அவன் மச்சானிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது, ஊர்ந்து ஊர்ந்தாவது இழுத்துக்கொண்டு போய்விடுவான். பள்ளிக்கூடத்து விழாவுக்கும் அவன்தான் போகிறான். டீச்சரிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது. நீ கவலைப்படாதே. அங்கே என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் விருந்தாளியாக வருகிறேன். விரலிடுக்கில் இருக்கிற கிரீஸ் கறைதான் போகமாட்டேன் என்கிறது, எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் எழுது.

கிளட்ச் நன்றாகவே இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு.

உன் அப்பா


ஜூலை 16

அன்புள்ள அப்பாவுக்கு,

வெளிர் நீலம் நன்றாக இருக்கும். முழுக்கை.

வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. வாசலில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

மகன்


ஆகஸ்ட் 14

மகனுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "கண்ணு சரியா தெரியலப்பா, வண்டி இங்கயே இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா, கண் நன்றாகத்தான் தெரிகிறது. அந்த வண்டி எனக்கு வேண்டாம். சாவி பாப்பாவின் பள்ளிக்கூடப் பையில் முன் ஜிப்பில் இருக்கிறது.

விழாவில் நடந்ததை உனக்கு எழுதத் தேவையில்லை, நீ பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாப்பா என் விரலைப் பிடித்து ராட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேராக ஒத்தைக்காதனிடம் போய் நின்றாள். "இதுக்கு ஒரு காதுதான் தாத்தா இருக்கு, பாவம், யாரும் ஏற மாட்டாங்க, நான் இதுலயே ஏறுறேன்" என்றாள். என் ராட்டினத்துக்கு நானே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். அதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. டிக்கெட் கொடுத்த விசிலின் வீட்டுக்காரி, சொல்லிவைத்தபடி என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தாள். சம்பந்தி பக்கத்துக் குதிரையில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார். இறங்கமாட்டேன் என்று இரண்டாவது சுற்றும் போனார். அவ்வளவு பெரிய மனிதர் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். இவருக்குப் பயந்தா என் பிள்ளை இத்தனை வருஷம் கூனிக் குறுகினான் என்று நினைத்தேன்.

விசிலும் ரொம்ப நேரம் அடக்கிக்கொண்டுதான் இருந்தான். பாப்பா இறங்கினதும் அவனால் முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, நம்ம பாப்பாவா? அப்படியே அண்ணி ஜாடை" என்றான். உன் அம்மாவைச் சொன்னான். சம்பந்தி திரும்பி என்னைப் பார்த்தார். மருமகளும் பார்த்தாள்.

நான், "யாருப்பா நீ? ஆள் மாறிப் பேசுறே" என்றேன்.

அவனுடைய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், வேற யாரோன்னு நினைச்சுட்டேன்" என்றான். அதற்கப்புறம் அன்றைக்கு அவன் விசில் அடிக்கவில்லை. ஒரு மணியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

நான் செய்கிற தொழிலை நினைத்து ஒரு நாளும் வெட்கப்பட்டவன் இல்லை. வெயிலிலும் சேற்றிலும் நின்றிருக்கிறேன், குடித்துவிட்டு வந்தவனிடம் வசவு வாங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம்கூட வெட்கம் வரவில்லை. அன்றைக்கு வந்தது. உன் வெட்கத்தை இத்தனை நாள் நான் உனக்காகச் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அது எப்போதோ என்னுடையதாகவே ஆகிவிட்டிருக்கிறது. உன் அம்மா இருந்திருந்தால் என்னை ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

வண்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கூரியர் வருவதற்கு முந்தின நாளே குனிந்து பார்த்துவிட்டேன். லீவர் இல்லையே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. குனியும்போது, பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறோமே என்று கூசிக்கொண்டே குனிந்தேன். பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற தண்டே இல்லை, முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். தனியாகச் சேசிஸ் இல்லை. கொக்கி பம்பரோடு பிடித்திருந்தது, சைக்கிள் மாட்டிக்கொண்டு போகிற கொக்கி. தெரியாதவன் வாங்கியிருந்தால் ஏமாந்துவிட்டான் பாவம் என்று நினைத்திருப்பேன். உனக்கு இதுதான் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் உன் கை சொல்லும். ராட்டினம் உன் ஊருக்கு வரக் கூடாது என்றுதான் அந்த வண்டியை எடுத்திருக்கிறாய் என்று, தரையில் கிடந்தபடியே புரிந்துகொண்டேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

மறுநாள் உன் கூரியர் வந்தது. அதில் ஒரு சந்தோஷம் எனக்கு. அப்பன் வரக் கூடாது என்றுதான் நினைத்திருக்கிறாய், சாகட்டும் என்று நினைக்கவில்லை.

கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அப்பா


செப்டம்பர் 9
வீட்டிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாதே என்று சொன்னீர்கள். முடிந்தவரை பொறுத்திருந்தேன்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. கிளட்ச் என்று சொன்னது பொய். அந்த டாக்டரம்மாவிடம் நான் அதற்கப்புறம் பேசவே இல்லை. அந்த வண்டியைப் பார்த்தவுடனேயே இது டிரெய்லரை இழுக்காது என்று தெரியும். அதனால்தான் அதை எடுத்தேன், உங்கள் பணத்தில். நீங்கள் குனிந்து பார்க்க மாட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன். இதை எழுதும்போது என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முதன்முதலில் உங்கள் மருமகளின் வீட்டுக்குப் போனபோது, அப்பா என்ன செய்கிறார் என்று மாமா கேட்டார். இயந்திரங்கள் வாடகைக்கு விடுகிறார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று மாலையே போய்ச் சரியாகச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். அப்படியே எட்டு வருஷம் ஆகிவிட்டது. வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலாவது கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் மருமகளுக்கு நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. விழாவன்று ராட்டினம் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பாப்பாவை ஒரு கையால் குதிரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகக் கால் வைத்து இறங்கினீர்களாம். "அது பழகின கால்" என்றாள். நீங்கள் ஊருக்குப் போன அன்றைக்குக் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டினத்தைக் கேட்டு அவள் முகம் சுளிக்கவில்லை. "உங்க அப்பா ராட்டினம் சுத்துறவர்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்க? எட்டு வருஷமா என்னை எப்படிப்பட்டவள்னு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். ஒரு வாரம் தேவைக்கு மேல் என்னிடம் பேசவில்லை.

மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். "முன்னமே சொல்லியிருந்தா மூணாவது சுத்தும் போயிருப்பேனே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இனி வண்டி. வெள்ளை வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன், அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரட்டும். உங்களுக்கு வேறு பார்த்தேன். ஆபீஸ் வழியாக இல்லாமல், லீவு போட்டுப் பழைய வண்டி விற்கிற யார்டு யார்டாகப் போய்ப் பார்த்தேன். ஒன்று மேலே பளபளவென்று இருந்தது. கீழே படுத்துப் பார்த்தால் கடலில் படகு இறக்கின வண்டி, உப்பில் சேசிஸ் பொருக்குத் தட்டியிருந்தது. இன்னொன்றில் கியர் ஆயில் கருகின வாடை, யாரோ அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். கடைசியில் கிடைத்தது மண்கலர் வண்டி. இடது கதவில் நெளிசல் இருக்கிறது, பார்க்க லாரி மாதிரிதான் இருக்கும். ஆனால் தனிச் சேசிஸ், துரு இல்லை. நாலு சக்கரத்துக்கும் மாற்ற லீவர் இருக்கிறது, சேற்றுக்கு லோ கியர் தனியாக இருக்கிறது. கொக்கி சேசிஸோடு போல்ட் போட்டது. டிரெய்லர் பிரேக்குக்கு ஒயர் இழுத்திருக்கிறேன். பின் சீட்டில் பாப்பா உட்காரலாம்.

வாடகைக்கு ஒரு டிரெய்லர் எடுத்து, ஒன்றரை டன்னுக்கு மணல் மூட்டை ஏற்றி, அதே மலை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வண்டி நான் நிறுத்தின இடத்தில் நின்றது. ஜூலையில் அந்த வெள்ளை வண்டியோடு நீங்கள் இறங்கியிருந்தால் எந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. கீழே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தை அவள் பக்கத்தில் இருந்து படிக்கிறாள். இனி வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். அந்தப் பெட்டியில் எறும்பு எப்போதும் இருந்ததில்லை.

விசில் மாமாவிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் மகன்


செப்டம்பர் 20

அன்புள்ள மகனுக்கும் மருமகளுக்கும்,

வண்டி வந்தது. தடவிப் பார்க்க யாரும் வரவில்லை. யாருக்குக் கல்யாணம் என்றும் கேட்கவில்லை. விசில் செருப்போடு ஏறி உட்கார்ந்தான். நேற்று டிரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றினோம், பெரியவரே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

விசிலிடம் நீ என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். நான் சொன்னதைச் சொல்கிறேன். விழா முடிந்து பத்து நாள் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தான். "யாருங்க நீங்க? யார் வேணும்?" என்றான். எனக்கு அது வேண்டும்தான். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவன் வீட்டுக்காரிதான், "பாவம், நிக்கிறாரு, உள்ள விடுங்க" என்றாள். டீ கொடுத்தார்கள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சம்பந்தி முன்னாடி சொன்னதுகூடப் பரவாயில்லண்ணே, பாப்பா முன்னாடி சொல்லிட்டீங்களே" என்றான். நீயும் வந்து அவன் வாசலில் ஒரு தடவை நின்றுவிட்டுப் போ. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மருமகளே, உனக்கு ஒன்று. பூட்டின கொட்டகைக்குள் என்ன என்று நீ கேட்டபோது நானும்தான் பொய் சொன்னேன். அவனை மட்டும் கோபிக்காதே, என் பங்கை எனக்கு வை.

வருகிற சனிக்கிழமை வருகிறேன், ராட்டினத்தோடு. விழா எதுவும் வேண்டாம். விசிலும் அவன் வீட்டுக்காரியும் வருகிறார்கள். தெருமுனையில் நிறுத்த மாட்டேன், உங்கள் வாசலில்தான் நிறுத்துவேன். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவையுங்கள். சம்பந்தியின் மூன்றாவது சுற்று பாக்கி இருக்கிறது, அவரையும் வரச் சொல்லுங்கள். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ராட்டினக்காரன்

பி.கு. தம்பி, இது உனக்கு மட்டும். மறைக்க மனசு வரவில்லை. வண்டி வந்து நின்றதும் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக் கீழே பார்த்தேன். நீ எழுதியிருந்தபடியே எல்லாம் இருந்தது, ஒரு போல்ட்கூடக் குறையவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளும்போது ரொம்ப வெட்கமாக இருந்தது. உன்னை மன்னித்துத்தான் படுத்தேன், ஆனாலும் படுத்தேன். பார்க்காமல் எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேனப்பா. முடியவில்லை.